மதுரை வட்டார மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவந்த மண்ணான செவலைக் காப்பாற்றும் வேலை, கறுப்புக் களிமண்ணான கரிசலைக் கெடுக்கும். சோடியம் ஏறிய களருக்கு மருந்தாகும் ஜிப்சம், உப்பு ஏறிய உவருக்கு வீண் செலவு. மண்ணைப் பார்க்காமல் மண்ணுக்குச் செய்கிற எதுவும் குருட்டு வேலைதான். வயல் வைத்திருப்பவர்கள், மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள், வீடு கட்டப் போகிறவர்கள் என மூன்று தரப்பாரும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

மண் என்பது பொடிந்த பாறைதானே?

பாதிதான் அது. நல்ல நிலையில் இருக்கும் மேல்மண்ணின் கன அளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு பாறைத்துகள். இன்னொரு 50 விழுக்காடு துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. அதைக் காற்றும் தண்ணீரும் பங்குபோட்டுக் கொள்கின்றன. மிச்சமிருக்கும் 5 விழுக்காட்டுக்குள்தான் மக்கு (மக்கிய இலைதழை), வேர், உயிர்கள் எல்லாம் அடக்கம். நம் வெயிலில் அந்த 5-ம் கிடைப்பதில்லை; பெரும்பாலான புஞ்சைகளில் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

அந்த இடைவெளிதான் மண்ணின் உயிர்நாடி. டிராக்டர் ஏறி அழுந்தினாலும், ஈரத்தில் உழுது குழப்பினாலும் பாறைத்துகள் ஒன்றும் ஆவதில்லை, இடைவெளிதான் போகிறது. அது போனால் உரம் இருந்தும் வேர் மூச்சுமுட்டும். பாறை சிதைந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கோடை மழையில் அது ஓடையில் போய்விடக்கூடும்.

மதுரையைச் சுற்றி என்னென்ன மண் இருக்கிறது?

வைகைக் கரையோரம் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் ஆற்று வண்டல். நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் அங்கே தழைப்பதற்கு அந்த வண்டலும் பெரியாறு பாசனமும் சேர்ந்த காரணம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் செம்மண்ணும் செவலும் அதிகம். குன்றடிகளில் சரளை கலந்து ஆழம் குறைந்திருக்கும். தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் வரை கரிசல் பரந்து கிடக்கிறது. பருத்தி, சோளம், கம்பு, கொத்தமல்லி, மிளகாய் என மானாவாரி வெள்ளாமைக்கு ஏற்ற பூமி.

தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையில் பிறந்தது. நம் கரிசலுக்கு எரிமலை கிடையாது. சுண்ணாம்புச் சத்துள்ள நைஸ் (gneiss) போன்ற பாறைகளின் சிதைவு, வடிகால் குறைந்த தாழ்வான இடங்களில் தங்கி உருவான மண் இது. அதே பாறை மேட்டில் சிதைந்து, மழையில் சுண்ணாம்பு கழுவப்பட்டு, இரும்பு மட்டும் துருப்பிடித்து நின்ற இடம் செவல் ஆயிற்று. அதனால்தான் ஒரே ஊரில் மேட்டுக்காடு சிவப்பாகவும் பள்ளக்காடு கறுப்பாகவும் கிடக்கின்றன.

கறுப்பாக இருப்பதால் கரிசலில் மக்கு நிறைய என்று நினைக்க வேண்டாம். நிறத்துக்கும் மக்கின் அளவுக்கும் அங்கே சம்பந்தம் குறைவு. சோதித்துப் பார்த்தால் பல கரிசல் காடுகளில் கரிமச்சத்து (மக்கிலுள்ள கார்பன்) 0.5 விழுக்காட்டுக்குக் கீழேதான் வரும்.

என் மண் எந்த வகை என்று செலவில்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு சோதனைகள் போதும். எல்லாவற்றுக்கும் மேல்மண்ணில் அரையடி ஆழத்திலிருந்து எடுங்கள். கல்லையும் வேரையும் பொறுக்கிவிடுங்கள்.

முதலாவது, நாடாச் சோதனை. ஒரு பிடி மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல வெளியே தள்ளுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல். 2.5 சென்டிமீட்டருக்குள் நாடா அறுந்தால் குறுமண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்). 2.5 முதல் 5 வரை நின்றால் களி கலந்த குறுமண். 5-ஐத் தாண்டியும் அறுபடாமல் தொங்கினால் களிமண். திருமங்கலத்துக் கரிசல் அநாயாசமாக 5 சென்டிமீட்டரைத் தாண்டும்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. நேரான பக்கமுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், கழுத்துவரை தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் பவுடர். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல் துகள், ஓரிரு நாள் கழித்துப் படிவது களி. மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்து விழுக்காடு போடலாம். கரிசலில் களி உப்பிக்கொள்வதால் அந்த அடுக்கு உண்மையைவிடத் தடித்துத் தெரியும்.

மூன்றாவது, கட்டிச் சோதனை. எங்களைக் கேட்டால் நான்கிலும் இதுதான் முக்கியம். காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவு உடைத்து, ஒரு தம்ளர் மழைத்தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். குலுக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது. கட்டி சரிந்து பொலபொலத்து, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் மக்கு போதவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மேகம் படர்ந்தால் சோடியம் ஏறிவிட்டது, களராகிறது என்று பொருள். போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்து போவீர்கள். அதிலுள்ள உப்பு களியைக் கலையவிடாமல் பிடித்துவைப்பதால் களர்கூட நல்ல மண்ணாகத் தெரியும். மழைத்தண்ணீர் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

நான்காவது, சுண்ணாம்புச் சோதனை. காய்ந்த மண்மேல் சில சொட்டு வினிகர். புசுபுசுவென்று நுரைத்தால் மண்ணில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பும் போட்டாலும் பூட்டிக்கொள்ளும்.

கரிசல் ஏன் வெடிக்கிறது? வீட்டுச் சுவரும் ஏன் கூடவே விரிகிறது?

கரிசலின் களி ஏடுகள் அடுக்கிவைத்தது போன்ற அமைப்பு கொண்டது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் கை நுழைகிற அளவு வெடிப்பு விழும். மேல்மண் அதற்குள் உதிர்ந்து கீழே போய், மழை வந்ததும் கீழ்மண் பிதுங்கி மேலே வரும். மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. முதல் மழை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு தை வரை பயிரை நிறுத்துவது இந்த மண்ணால் முடிகிறது.

விவசாயிக்கு வரம், வீட்டுக்காரருக்குத் தொல்லை. மழையில் அடிமண் உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கும், கோடையில் சுருங்கி இறக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இதன் அடையாளம். சிமெண்டை வைத்துப் பூசினால் அடுத்த மழைக்குத் திரும்பவும் விரியும். கரிசலில் கட்டுகிறவர்கள் அடியில் குமிழ் விரித்த பைல் அஸ்திவாரம் போடுவது இதற்காகத்தான். ஆழக் கரிசலில் அது குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். சின்ன வீடு என்றால் கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, உப்பாத சரளை மண்ணை ஈரம் தெளித்துத் தட்டி நிரப்பி, மேலே பிளிந்த் பீம் ஓட்டலாம். வெறும் ஆற்றுமணலை நிரப்பினால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அடிக் கரிசலை உப்பவைக்கும் அபாயம் உண்டு. வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிச்சாய்வாகத் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சுவரையொட்டிப் பெரிய மரமும் குளியலறைத் தண்ணீர் தேங்கும் வாழையும் வேண்டாம்.

செவலில் விதைத்ததும் மழை பெய்தால் மேலே ஓடு கட்டிக்கொள்கிறது. முளை வெளியே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

செம்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஈரத்தில் துகள்களைப் பிணைத்து, காய்ந்ததும் கெட்டி ஓடாக்குகின்றன. மழைத்துளி நேராக வெற்று மண்ணில் அடிப்பது அதற்குத் துணை.

அவசரத்துக்கு: விதைத்த மூன்று நான்கு நாளில் ஓடு கட்டினால், லேசாகத் தண்ணீர் தெளித்து இளக்குங்கள், அல்லது முள்செடிக் கொத்தைக் கயிற்றில் கட்டி மேலோட்டமாக இழுங்கள். பல் கலப்பை ஓட்டினால் முளையும் சேர்ந்து போகும். நிரந்தரத்துக்கு: ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு, ஆண்டுதோறும். கூடவே மண் ஒருபோதும் வெறுமையாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைப் பொட்டோ சோளத்தட்டையோ மேலே கிடந்தால் மழைத்துளியின் அடி அதில் விழும், மண்ணில் விழாது.

மண்ணுக்குள் இருக்கிற உயிர்கள் நமக்கு என்ன செய்கின்றன?

இலை, தட்டை, சாணம், செத்த பூச்சி எல்லாவற்றையும் உடைத்து மறுபடியும் செடி உறிஞ்சும் வடிவத்துக்குக் கொண்டுவருவது அவைதான். அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு வேப்பமரத்தடியிலும் உதிர்ந்த இலை அத்தனை ஆண்டும் குவிந்து கிடக்கும். உளுந்து, தட்டைப்பயறு வேரில் கொத்துக் கொத்தாகத் தெரியும் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தருகிறது. முடிச்சு ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த நிலத்துக்கு ரைசோபியம் கலந்த விதைநேர்த்தி தேவை. வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் ஈரத்தையும் இழுத்து வருகிறது. மண்புழுவும் கரையானும் மண்ணில் துளை போட்டுக் காற்றும் நீரும் இறங்க வழி செய்கின்றன.

முதல் மழையில் எழும் மண்வாசனையும் இவற்றிடமிருந்து வருவதே. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம் அது. காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-ல் பிரித்தெடுத்ததும் இதே குடும்பத்து மண் உயிரிலிருந்துதான்.

உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் தங்கியுள்ள கரிமம், காற்றுமண்டலத்தில் இருப்பதைவிட அதிகம். மண்ணைச் சுட்டெரித்தால் அது ஆகாயத்துக்குப் போகும். மூடிவைத்தால் இங்கேயே தங்கும்.

மண்ணுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். ஐப்பசியில் ஒரு மாலையில் 40 மில்லிமீட்டர் கொட்டினால் ஓர் ஏக்கர் வாங்குவது 1,60,000 லிட்டர். மண் திறந்திருந்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கும். ஓடு கட்டியோ கெட்டிப்பட்டோ கிடந்தால் ஓடிவிடும். போகும்போது மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் அரித்தால் ஐந்து டன்னுக்கு மேல் இழப்பு. கண்ணுக்கே தெரியாத இழப்பு அது. ஆண்டு முழுதும் போட்ட தொழுவுரத்தின் எடை அவ்வளவுதான்.

மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பக்கம் போனால் இதை நேரில் பார்க்கலாம். பாறைக்குன்று தண்ணீரைப் பிடித்து வைக்காது, வழியவிடும்; அடிவாரத்து மண்ணும் சுனைகளும் கண்மாய்களுமே அதை வாங்கிவைக்கின்றன. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அந்த இடம் அறிவிக்கப்பட்டது. குன்றையும் மண்ணையும் கண்மாயையும் தனித்தனியாகப் பிரித்துக் காக்க முடியாது.

சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்பை உயர்த்துவது, சித்திரையில் கோடை மழைக்கு ஒரு உழவு போட்டு வைப்பது எல்லாம் அந்த 1,60,000 லிட்டரை உள்ளே அழைக்கும் வேலைகள்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

ஆய்வகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாதிரி தப்பானால் முடிவும் தப்பு. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன் எடுங்கள். உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நிலம் நிறத்திலோ மேடு பள்ளத்திலோ மாறினால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாதிரி. வரப்போரம், வாய்க்கால், மரநிழல், எருக்குழி, கிடை போட்ட இடம், பாதை இவற்றைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து ஏக்கருக்கு 10 முதல் 15 இடம் குறியுங்கள்.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்குங்கள். மண்ணைச் சுரண்டக் கூடாது. மண்வெட்டியால் ஆங்கில 'வி' போல வெட்டி, வெட்டுண்ட பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடுங்கள். நெல், நிலக்கடலை, சிறுதானியத்துக்கு 15 சென்டிமீட்டர் ஆழம். பருத்தி, கரும்பு, வாழைக்கு 22 சென்டிமீட்டர். தென்னை, மா என்றால் குழியெடுத்து 30, 60, 90 சென்டிமீட்டரில் மூன்று தனி மாதிரிகள். நுண்ணூட்டமும் பார்க்க வேண்டுமென்றால் இரும்பு பட்ட பக்கத்தை மரக்குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு எடுங்கள்; வாளியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தி, சுத்தமான துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், சர்வே எண், போன பயிர், போடப்போகும் பயிர், பாசன வசதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். யூரியாச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் தழைச்சத்து அளவுக்கு மீறித் தெரியும்.

உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுக்கலாம். பாசனக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு லிட்டர் பிடித்துச் சேர்த்துக் கொடுங்கள். மோட்டார் ஓடி கால் மணி நேரம் கழித்துப் பிடிக்க வேண்டும்.

மண்வள அட்டையில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் வருகின்றன. எல்லாரும் தழை, மணி, சாம்பல் (பொட்டாஷ்) என்ற மூன்றுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். கார அமில நிலை (pH), உப்பின் நிலை (EC), கரிமச்சத்து ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். இவை சரியில்லாமல் மற்றதற்குப் பணம் போடுவது வீண்.

கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. 8.5-ஐத் தாண்டினால் களர் சந்தேகம். உப்பின் நிலை 1 dS/m-க்குள் இருந்தால் பயமில்லை. கரிமச்சத்து 0.5-க்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேலே நல்ல நிலை. பிறகு தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழும், மணிச்சத்து 11-க்குக் கீழும், சாம்பல் சத்து 118-க்குக் கீழும் இருந்தால் குறைவு. மணிச்சத்து 22-க்கு மேல் இருந்தும் பழக்கத்துக்காக டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரம் போடுகிற நிலங்கள் ஏராளம். மிகுதியான மணிச்சத்து துத்தநாகத்தைச் செடிக்குக் கிடைக்கவிடாமல் செய்யும்.

களருக்கும் உவருக்கும் என்ன வித்தியாசம்?

கோடையில் மேலே வெள்ளை பூத்தால் உவர். கறுப்பாக எண்ணெய் பூசியது போலத் தேங்கிய தண்ணீர், நாள்கணக்கில் இறங்காமல் நின்றால் களர். உவரில் உப்பு அதிகம், மண் பொலபொலப்பாகவே இருக்கும். களரில் சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டு மண்ணைக் கலைத்து இடைவெளிகளை அடைத்துவிடும்.

உவருக்கு வைத்தியம் நல்ல தண்ணீரும் வடிகாலும். பாத்தி கட்டி மழைநீரைத் தேக்கி, உப்பை அடியில் இறக்கி வடிக்க வேண்டும்.

களருக்குத் தண்ணீர் மட்டும் போதாது. நிலத்தைச் சமன் செய்து, சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒரு பக்கம் வடிகால் வெட்டுங்கள். ஆய்வகம் சொல்லும் ஜிப்சத் தேவையில் பாதியை மேலே தூவி, 10 சென்டிமீட்டருக்கு மிகாமல் உழுது கலக்குங்கள். அரையடித் தண்ணீர் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி, வடித்துவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) சோடியத்தை விலக்கும். விலகிய சோடியம் தண்ணீரோடு வெளியே போனால்தான் வேலை முடிந்தது. வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போட்டவர்கள் உப்பைக் கூட்டினார்களே தவிரக் குறைக்கவில்லை. அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். முதல் பயிர் நெல்லாக இருக்கட்டும். களர் தாங்கும் திருச்சி ரகங்கள் உண்டு.

இவ்வளவும் செய்துவிட்டு, சோடா உப்புத் தண்ணீர் வரும் அதே போரைப் பாய்ச்சினால் சில ஆண்டில் மறுபடியும் களர்தான். மண்ணோடு தண்ணீரையும் சோதிக்கச் சொன்னது இதற்காக.

மல்லிகைச் செடியில் இளந்தளிர் மஞ்சளாகிறது. உரம் குறைவா?

எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடி இலை முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இடைப்பகுதி வெளுத்தால் இரும்புக் குறைவு. நம் செம்மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மண்ணில் இருக்கிறது, செடிக்குக் கிடைக்கவில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணும் கடின போர் தண்ணீரும் காரத்தை ஏற்றி இரும்பைக் கரையாத வடிவில் பூட்டிவிடுகின்றன. தண்ணீர் தேங்கினாலும் இதே அறிகுறி வரும்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மஞ்சள் மாறும்வரை மாதம் ஒரு முறை. அன்னபேதியை மண்ணில் வெறுமனே கொட்டினால் அதையும் சுண்ணாம்பு பூட்டிக்கொள்ளும்; தொழுவுரத்தோடு கலந்து வைத்தால் ஓரளவு கிடைக்கும். தெளித்தும் மாறாவிட்டால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. பட்டை உரிந்து அழுகியிருந்தால் வேரழுகல். இரண்டுக்கும் உரம் மருந்தில்லை. கறிவேப்பிலைத் தோட்டத்திலும் இதே வரிசையில் பாருங்கள்.

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு வடிகாலுள்ள செம்மண் குறுமண்தான் பொருத்தம். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, 10 கிலோ தொழுவுரம் கலந்து, சில நாள் ஆறவிட்டு நடுங்கள். கனத்த களிமண்ணில் நட்டால் செடி தழைக்கும், பூ குறையும்.

கண்மாய் வண்டல் எல்லா நிலத்துக்கும் நல்லதா?

இல்லை. செவலுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் அமிர்தம். கரிசலுக்குத் தேவையே இல்லை. ஏற்கனவே களி மிகுந்த மண்ணில் இன்னும் களியைச் சேர்த்தால் வடிகால் கெடும்.

விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க அரசு அனுமதி தருகிறது. வட்டாட்சியர் அனுமதி வேண்டும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்றால் 25 நடை, 30 நடை. 90 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம் வரும். அதை அப்படியே மேலே விட்டால் மழையில் ஓடாகிவிடும். கோடையில் பரப்பி, வெயிலில் கட்டி உடைந்தபின், அரையடி ஆழத்துக்கு உழுது கலந்தால்தான் பலன்.

நகரத்துச் சாக்கடை கலக்கும் கண்மாயில் எடுப்பதானால் முதலில் ஒரு மாதிரியைச் சோதித்துவிடுங்கள். எடுக்கும்போது படுகையின் மேல் வண்டலைப் பரவலாக அள்ளுங்கள். ஒரே இடத்தில் கிடங்கு போலத் தோண்டினால் அடியிலுள்ள மணல் திறந்து, கண்மாய்த் தண்ணீர் நிற்காமல் கசியும். கரையையும் மடையையும் ஒட்டித் தோண்டவே கூடாது.

ஆண்டுதோறும் குப்பை அடிக்கிறேன். கரிமச்சத்து ஏறவே இல்லையே?

ஓர் ஏக்கரில் அரையடி மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் கரிமத்தை 0.1 விழுக்காடு கூட்ட 900 கிலோ கரிமம் தங்க வேண்டும். 5 டன் தொழுவுரத்தில் பாதி ஈரம். மீதியிலும் கரிமம் சில நூறு கிலோதான். அதிலும் பெரும்பகுதியை மதுரை வெயிலில் நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். ஆகவே ஏறுவது மெதுவாகத்தான் ஏறும். ஏறாமல் நிற்பதே ஓரளவு வெற்றி, நிறுத்தினால் இறங்கிவிடும்.

கூட்டுவதைவிட இழப்பைக் குறைப்பது எளிது. உழவு எண்ணிக்கையைக் குறையுங்கள். தட்டையை எரிக்காதீர்கள், எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போகிறது, சாம்பலில் பொட்டாஷ் போன்ற சத்துகளே மிஞ்சுகின்றன. குப்பையை வயலில் குவித்து வாரக்கணக்கில் காயவிடாமல், இறைத்த அன்றே உழுது மூடுங்கள். ஆட்டுக்கிடை போட்டாலும் அப்படித்தான். மூத்திரத்திலுள்ள தழைச்சத்து வெயில் பட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிடையைத் தினமும் நகர்த்தி, விட்ட இடத்தை உடனே மேலாக உழுதுவிட வேண்டும்.

எத்தனை உழவு ஓட்டியும் வேர் இறங்கவில்லை. ஏன்?

ஒரே ஆழத்தில் வருடக்கணக்கில் ரோட்டவேட்டர் ஓட்டினால் அதற்குக் கீழே கடினத்தட்டு உருவாகும். நல்ல மழைக்கு மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். அரையடி சரசரவென்று இறங்கி, சட்டென்று நின்றால் தட்டு இருக்கிறது. உளிக்கலப்பையை ஒன்றரை அடி இடைவெளியில், ஓரடிக்கு மேல் ஆழமாக, குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். மண் காய்ந்திருக்கும்போதுதான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி கோடு போட்டுக்கொண்டு போகும், அவ்வளவே. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

மாடித்தோட்டத்துக்கு எந்த மண்?

செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. ஒரு பைக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கும். கரிசலையும் கண்மாய் வண்டலையும் தொட்டியில் போடாதீர்கள். காய்ந்ததும் மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கில் வழிந்து அடியில் ஓடிவிடும். மேலே நனைந்து, வேர் காய்ந்து கிடக்கும்.

15 லிட்டர் பையில் ஈரமான வெறும் மண் 25 கிலோ வரை வரும். நாற்பது பை என்றால் ஒரு டன். பழைய கட்டடத்தில் தளத்தின் நடுவே குவிக்காமல், சுவர், பீம் வரும் இடங்களின்மேல் வையுங்கள்.

சீமைக்கருவேலம் மண்ணைக் கெடுக்கிறதா?

அது பயறு இனத்து மரம். தழைச்சத்தைச் சேர்க்கத்தான் செய்கிறது. கெடுதல் வேறு இடத்தில். கண்மாய்க்குள் அடர்ந்து வண்டலைப் பிடித்து மேடாக்கும், நீர்வழியை அடைக்கும், அடியில் புல்லை வளரவிடாது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். வேர்த்தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். பெயர்த்த இடத்தை வெறுமையாக விட்டால், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கே முளைக்கும். கண்மாய்க்கு வெளியே உள்ள தரிசில் கொழுக்கட்டைப் புல்லோ சணப்பையோ உடனே விதையுங்கள்.

மேல்மண்ணை விற்றால் நல்ல விலை தருகிறார்கள். அடிமண் இருக்கிறதே, விற்கலாமா?

வேண்டாம். நிலத்தின் மக்கு, உயிர்கள், மணிச்சத்தின் பெரும்பகுதி எல்லாம் மேல் அரையடியில்தான். அதை ஏற்றி அனுப்பிவிட்டால் மிஞ்சுவது சரளையும் சுக்காம்பாறையும். நிலத்தின் மட்டம் தாழ்வதால் பக்கத்து வயலின் வடிகால் தண்ணீரும் உப்பும் உங்கள் நிலத்தில் வந்து சேரும். பாசன வாய்க்காலுக்கும் வயலுக்கும் இருந்த சமன் கெட்டுப்போகும்.

வைகைப் படுகையில் இன்னொரு காரணமும் உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டக் கீழடியில் தென்னந்தோப்புக்கு அடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், மண் அடுக்குகள் கலையாமல் கிடந்ததுதான். உங்கள் நிலத்தில் தோண்டும்போது கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளோ உறைகிணற்று வளையங்களோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். வீடு கட்டக் கடைக்கால் தோண்டுவதானால், முதல் அரையடி மண்ணைத் தனியே குவித்து, தார்ப்பாய் மூடி வையுங்கள். கட்டி முடித்தபின் தோட்டத்துக்கு அதைத்தான் பரப்ப வேண்டும். கட்டட இடிபாடும் சிமெண்டுத் தூளும் அதில் கலக்கவே கூடாது, கலந்தால் காரம் ஏறி மல்லிகைக்குச் சொன்ன அதே மஞ்சள் நோய் வரும்.